தண்ணீர் கட்டிய களாச்செடி

எங்கள் பக்கத்து மரியாதையைப் புகழாதவர்கள் இல்லை. வாய்க்கு வாய் ‘ங்க’ போடுகிறோமாம். மாட்டைக்கூட ‘அக்கட்டப் போங்க’ என்றுதான் ஓட்டுவோமாம். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் ஒப்புக்குச் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். அந்த மரியாதைமேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு களாச்செடியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு காயைக்கூட என் அம்மா வாயில் போடாமல் போய்ச் சேர்ந்தாள். அதற்கு அந்த மரியாதைதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. அன்னூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம். ஊருக்குள் எங்களுக்கு வீடு கிடையாது. கிணற்றை ஒட்டித் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சாளை, அதில்தான் குடித்தனம். அய்யன், அம்மா, நான், அய்யனுடைய அக்கா, ஆக நான்கு பேர். அப்பாவை அய்யன் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அத்தை சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தாயில்லாமல் நின்ற தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அதனால் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அய்யன் ஊரில் பத்துப் பேருக்கு நடுவில் பஞ்சாயத்துப் பேசுவார், அக்கா முன்னால் நின்றால் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருப்பார்.

அம்மா அந்தியூர்ப் பக்கம், மலையடிவாரத்து மேட்டுக்காட்டில் பிறந்தவள். என்னைப் பெற்று, கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது, ஒரு உடைந்த மண்சட்டியில் களாக்கன்று ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் வந்தாளாம். ஒரு கையில் நான், ஒரு கையில் சட்டி. இறங்கியதும் அத்தை என்னைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தாளாம்.

“முள்ளை மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கறயே அம்மணி, உங்கூர்ல வேற செடியே இல்லையா?”

முள் செடி வாசலில் ஆகாது. அதனால் சாளைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் பொடக்காளியைத் தாண்டி, கத்தரியும் மிளகாயும் போட்டிருந்த பாத்தியின் கோடியில் அதற்கு இடம் கிடைத்தது. அடுப்படிக் கதவைத் திறந்தால் நேரே தெரியும்.

களாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மரமும் இல்லை, கொடியும் இல்லை, ஆள் உயரத்துப் புதர். கணுவுக்குக் கணு இரட்டை முள். இலையைக் கிள்ளினால் பால் வடியும். பங்குனி, சித்திரை வெயிலில் மற்ற செடியெல்லாம் வாடிக் கிடக்கும்போது இது வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மல்லிகைக்குப் பக்கத்தில் வைத்தால் எது மல்லிகை என்று தடுமாற வைக்கும் வாசம். பிஞ்சைக் கல்லுப்பில் ஊறப்போட்டு மிளகாய்ப்பொடி தூவினால் ஊறுகாய். பழுத்துக் கறுத்துவிட்டால் அப்படியே தின்னலாம், உதட்டில் பிசின் ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் ஊரில் இதை யாரும் நட்டு வளர்த்ததில்லை. ஆடு மேயும் கரட்டில் தானாக முளைத்துக் கிடக்கும்.

எங்களுடையது கரடு இல்லை, தோட்டம். அங்கேதான் எல்லாம் தப்பாகப் போனது.

தோட்டக்காரர்களுக்கும் காட்டுக்காரர்களுக்கும் உள்ள வித்தியாசம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வானத்தைப் பார்த்து விதைக்கிறவர் காட்டுக்காரர். கிணறு வெட்டி, கவலை கட்டி, மாடு பின்னும் முன்னும் நடந்து தோல்பையில் தண்ணீர் இறைக்க, அதைப் பாத்தி பாத்தியாகத் திருப்பி விடுகிறவர் தோட்டக்காரர். தண்ணீர் கட்டுவதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பெருமை சொல்லி மாளாது. ஒரு பயிர் முகம் வாடினால், தண்ணீர் பற்றவில்லை. அதற்கும் தெளியவில்லையா, எரு பற்றவில்லை. இந்த இரண்டைத் தவிர ஒரு செடிக்கு மூன்றாவதாக ஒரு குறை இருக்கக்கூடும் என்று அய்யனுக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து அக்காளோடு மாவு அரைத்துக்கொண்டே, “எங்கூர்ல இந்நேரம் களாக்காய் ஊறுகாய் போட ஆரமிச்சிருப்பாங்க, நெனைச்சாலே நாக்குல எச்சி ஊறுது” என்று சொல்லியிருக்கிறாள். அந்த வழியாகப் போன அய்யன் காதில் அது விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால், கத்தரிப் பாத்தியோடு நின்றிருந்த வாய்க்கால் களாச்செடி வரைக்கும் நீண்டிருந்ததாம். செடியைச் சுற்றி வட்டப்பாத்தி, அதில் கட்டுத்தரைச் சாணி. அய்யன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். என் அம்மாவுக்காக அவர் தானாக நினைத்துச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டையெல்லாம் கிடையாது. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அது வழக்கம் இல்லை, அவ்வளவுதான். நாள் முழுதும் அத்தை இருப்பாள். அவள் காதுக்கு எட்டாத மூலை அந்தச் சாளையில் கிடையாது. எதுவும் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நான்தான் தபால்.

“கண்ணு, ராகி அரைச்சாச்சான்னு உங்கம்மாளைக் கேளு.”

அம்மா அங்கேயே மூன்றடி தள்ளி நிற்பாள். நான் திரும்பிப் பார்ப்பேன். “ஆச்சுன்னு சொல்லு சாமி” என்பாள். நான் மறுபடியும் திரும்ப வேண்டும். எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஆனால் வெள்ளாமைப் பேச்சுக்கு மட்டும் தடை இல்லை. மாடு, மழை, பயிர் இதையெல்லாம் யாரும் யாரிடமும் கேட்கலாம். அத்தையாலும் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. காலையில் கவலை ஓடும். ஆள் மாட்டை ஓட்ட, அய்யன் மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் களாச்செடியண்டை நிற்பார். அம்மா பொடக்காளியில் இருப்பாள்.

“பூத்துதா?” என்பார்.

“நாலு பூ பூத்திருக்குதுங்க.”

“நேத்துப் பூத்தது நின்னுதா?”

“கொட்டிப்போச்சுங்க.”

“எருப் பத்தலையாட்ட இருக்குது.”

“நீங்க பார்த்தாச் சரிங்க.”

அவ்வளவுதான். தண்ணீர் வட்டப்பாத்தியில் நிறைகிற நேரம் அவர் அங்கே நிற்பார். ‘இலை நல்லாக் கறுத்திருக்குது’ என்பார், ‘ஆமாங்க’ என்பாள். பூக்காத மாதங்களிலும் இதே பேச்சுத்தான். மார்கழியில் களா பூக்குமா? பூத்துதா என்று கேட்பார். இவளும் செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இன்னுமில்லீங்க’ என்பாள். கவலை மாட்டின் சலங்கை கேட்க ஆரம்பித்ததும் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, கழுவி வைத்த சொம்பையே எடுத்து மறுபடியும் துலக்கிக்கொண்டிருப்பாள். ஏன் இப்படிச் சுத்தமான சொம்பைத் தேய்க்கிறாள் என்று நான் அப்போது நினைத்ததுண்டு. பிள்ளைப் புத்திக்கு அதற்குமேல் எட்டவில்லை.

செடியா, அது தளதளவென்று வளர்ந்தது. பக்கத்துத் தோட்டத்தார் வந்து பார்த்து, இவ்வளவு பெரிய களாவை எங்கும் பார்த்ததில்லை என்பார்கள். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவின மாதிரி. முள் விரல் நீளம். பூ மட்டும் அங்கொன்று இங்கொன்று. அதுவும் இரண்டு நாளில் கொட்டிவிடும். காய் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை.

அத்தை சும்மா இருப்பாளா?

“கொண்டாந்தவளாட்டவே செடியும். அவளாச்சும் ஒண்ணோட நிறுத்துனா. இதுக்கு அதுவும் இல்லை” என்பாள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அத்தை இதைக் கோபமாகச் சொல்ல மாட்டாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, வெயிலைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொல்வாள். அம்மா குனிந்த தலை நிமிராமல் அடுப்பை ஊதுவாள். அன்றைக்கு அய்யன் செடிக்கு இரண்டு கூடை எரு அதிகமாகப் போடுவார். அக்காவை எதிர்த்துப் பேச முடியாதவர் வேறு என்ன செய்வார்? அந்தச் செடி காய்த்துவிட்டால் அக்காவின் வாய் அடைபடும், பெண்டாட்டியின் தலை நிமிரும் என்று அவர் நம்பினார். என் அய்யன் வைராக்கியமாக ஆசைப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, இது காட்டுச் செடிங்க, இதுக்கு...”

“இதுக்கு என்ன?” என்று அய்யன் நிமிர்ந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என்ன சொன்னாலும் இப்போதே செய்துவிடுகிறேன் என்கிற முகத்தோடு நின்றார்.

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

உள்ளே அத்தை செருமியதால்தான் அம்மா நிறுத்திவிட்டாள் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் அந்தியூரில் மாட்டுச் சந்தை கூடும். அய்யன் அங்கே உழவு மாடு பிடிக்கப் போனால் மாமன் வீட்டில்தான் தங்குவார். மாமன் என்றால் அம்மாவின் அண்ணன். மரியாதைக்கு அவர் அய்யனையே தூக்கிச் சாப்பிடுவார். வருஷம் தவறாமல் ஒரு ஜாடி களாக்காய் ஊறுகாயும், துணியில் முடிந்த பழமும் தங்கைக்குக் கொடுத்தனுப்புவார். அம்மா அந்த ஜாடியை மாதக்கணக்கில் வைத்து, சோளச்சோற்றுக்கு ஒரு காய் என்று கிள்ளிக் கிள்ளித் தின்பாள்.

அதையும் அத்தை பார்த்தாள். “நம்மூட்டுத் தண்ணியில ஒரு செடி காய்க்காதா? இன்னும் பொறந்த ஊட்டுக் காய்தான் வரோணுமாக்கும்” என்றாள்.

அது அய்யனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அடுத்த ஆடியில் என்னையும் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது மாமன் ஜாடியை எடுத்து வந்தார். அய்யன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “இனி இந்தச் செரமமெல்லாம் எதுக்குங்க மச்சா? நம்மூட்டுச் செடியே காய்ச்சுக் கொட்டுதுங்க” என்றார்.

மாமன் கையில் ஜாடியோடு ஒரு நிமிஷம் நின்றார். “அப்படிங்களா மாப்ளே? ரொம்பச் சந்தோசமுங்க” என்று சொல்லி ஜாடியைத் திரும்ப உள்ளே கொண்டு போய்விட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அய்யன் வழியில் எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வண்டியில் கிடந்த சாக்கையெல்லாம் உதறிப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமன் ஒண்ணும் குடுத்துடலையா கண்ணு?” என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். “காய்ச்சுக் கொட்டுதுன்னா சொன்னாங்க?” என்று இன்னொரு தரம் கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு மாமன் வீட்டு ஜாடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.

இதற்கிடையில் மலையிலிருந்து கரண்டுக் கம்பி இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிணற்றில் மோட்டார் வைத்தார்கள். அய்யனும் வைத்தார். கரண்டு கலந்த தண்ணீரைக் குடித்தால் நரம்பு இழுக்கும் என்று அத்தை வெகு நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு பானையில் பழைய தண்ணீரை ஒளித்து வைத்திருந்தாள். மோட்டார் வந்ததும் களாச்செடிக்குக் கொண்டாட்டம். குட்டை மாதிரித் தேங்கும் அளவுக்குத் தண்ணீர். இலை இன்னும் கறுத்தது. பூ இன்னும் குறைந்தது. அய்யன் இன்னும் அதிகமாகக் கட்டினார்.

மார்கழி முடிகிற சமயம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. விஷக் காய்ச்சல் என்றார்கள். கோயமுத்தூரிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, கஞ்சியைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாக்கெல்லாம் கசந்து போய் அம்மா அந்தக் கஞ்சியையும் துப்பினாள். ஒரு நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, “ஒரு களாக்காய் ஊறுகாய் இருந்தா இந்தக் கசப்புப் போகும்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அய்யன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தியூருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமங்கலம் வழியாக பஸ் இருந்தது. ஆளை அனுப்பியிருந்தாலும் மறுநாளுக்குள் ஊறுகாய் வந்திருக்கும். அவர் பொழுதிறங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கையில் அன்னூர்க் கடையில் வாங்கிய எலுமிச்சங்காய் ஊறுகாய் இருந்தது. நான் ஒரு துணுக்கை எடுத்து அம்மாவின் நாக்கில் தடவினேன். “நல்லாருக்குதுங்க, இதே போதும்” என்று அம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள். அத்தை அங்கேதான் இருந்தாள். அவளுக்கு நேராக அம்மா அய்யனோடு பேசியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தை பிறந்து சில நாளில் அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அய்யன் பின்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மோட்டார் ஓடும், ஆள் தண்ணீர் கட்டுவான். கத்தரிப் பாத்தியோடு மடையை அடைத்துவிடுவான். களாச்செடி அய்யனுடைய வேலை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைத் தொடவில்லை. வட்டப்பாத்தி காய்ந்து வெடித்தது. இலை பழுத்து உதிர்ந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை. அடுப்படி என் தலையில் விழுந்திருந்தது.

சித்திரையில் ஒரு நாள் காலையில் அடுப்படிக் கதவைத் திறந்தேன். வாசம் முகத்தில் அடித்தது. அந்த மொட்டைப் புதர் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. முள்கூடத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியைச் செடிமேல் வீசினேன். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன பூப்பு வேண்டிக்கிடக்கிறது?

ஒரு பூவும் கொட்டவில்லை. வைகாசியில் பிஞ்சு, ஆனியில் கொத்துக் கொத்தாகக் காய், ஆடியில் கறுத்த பழம். கிளைகளெல்லாம் தரையைத் தொட்டன. அத்தை கீழே விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளி ஒரு மூலையில் கொட்டுவாள். ஒன்றையும் வாயில் வைக்க மாட்டாள். செடியைப் பற்றி அவள் பேசுவதே நின்றுவிட்டது.

அந்த ஆடியில் அய்யன் சந்தைக்குப் போகவில்லை. மாமன்தான் எங்களைப் பார்க்க வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவர் செடியைப் பார்த்து அப்படியே நின்றார். மரியாதைக்குச் சொம்போடு பின்னால் வந்த அய்யனும் நின்றார். நானும் அத்தையும் கதவண்டை இருந்தோம்.

மாமன் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். “நல்ல பழமுங்க மாப்ளே.”

“வருசா வருசம் இப்படித்தானுங்க மச்சா” என்றார் அய்யன். பழக்கத்தில் வந்துவிட்டது.

“ஆமாங்க, சொல்லியிருக்கறீங்களே” என்றார் மாமன்.

அய்யன் சொம்பைக் கீழே வைத்தார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“பொய்யுங்க மச்சா.”

“எதுங்க?”

“எல்லாந்தானுங்க. இத்தனை வருசத்துல ஒரு காய் காய்ச்சதில்லீங்க. அவ போனதுக்கப்புறம் இந்த வருசந்தானுங்க. காய்ச்சல்ல கெடக்கறப்ப களாக்காய் ஊறுகாய் கேட்டாளுங்க. உங்ககிட்ட ஆளனுப்ப எனக்கு மூஞ்சி இல்லீங்க. சொன்ன பொய் வந்து முன்னால நின்னுக்கிச்சு. பஸ்ஸுக்குன்னுதான் போனேன். அன்னூர்லயே எலுமிச்சங்காய் வாங்கிட்டுத் திரும்பிப்போட்டேன்.”

மாமன் முகம் மாறிவிட்டது. அம்மா ஊறுகாய் கேட்டது அவருக்குத் தெரியாது. பிறகு, “காய்க்காதது எனக்கு அப்பவே தெரியுமுங்க மாப்ளே” என்றார்.

“ஆருங்க சொன்னா?”

“தங்கச்சிதானுங்க. நீங்க அப்படிச் சொல்றதுக்கு முந்தியே, எங்க பையனுக்குக் காது குத்தறப்ப வந்திருந்தாளே, அப்ப. தண்ணி கட்டுனா களா எங்கீங்க காய்க்கும்? இலைதான் தழையும். வேர் காயோணுமுங்க. எங்கூர்ல பிறந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்னங்க? உங்க பேச்சு பொய்யாகிப்போகுமேன்னுதான் நானும் அப்புறம் ஊறுகாய் குடுத்துடலை. ‘மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா அம்மணி’ன்னு அவளைக் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

மாமன் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“‘அந்தச் செடிக்குத் தண்ணி கட்டறப்பத்தானுங்கண்ணா அவிங்க எம்மூஞ்சியப் பார்த்துப் பேசறாங்க. காய்ச்சுப்போட்டா அப்புறம் எதைக் கேக்க வருவாங்க? காய் கெடந்துட்டுப் போகுதுங்க’ அப்படின்னா.”

எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. தெரிந்தும் ஜாடியை உள்ளே கொண்டு போன மாமன்மேல், பஸ் வரை போய்த் திரும்பிய அய்யன்மேல், அத்தனை வருஷமும் வாய் பொத்திக்கொண்டு சொம்பைத் தேய்த்த அம்மாமேல். ஒரு வார்த்தை, யாராவது ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமன் அம்மாவின் பேச்சை அப்படியே சொன்னாரா, அய்யனைத் தேற்றக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாரா என்றும் எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் மரியாதைக்கு எதையும் சொல்லக்கூடியவர்கள்.

“செடி இல்லீனாலும் பேசியிருப்பேனுங்களே” என்றார் அய்யன்.

“எங்கிருந்து பேசுவே?” என்றாள் அத்தை. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “நான்தான் நடுவுல உக்காந்திருந்தனே.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யன் அவளைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. மாமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற என்னங்க சொன்னா?”

“வேறயா? அவ்வளவுதானுங்க மாப்ளே.”

“சின்னதுல எப்படியிருப்பா?”

மாமன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லின் மறுபக்கம் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது யாரோடு சேர்ந்து விளையாடுவாள், கோபம் வந்தால் சாப்பிடாமல் இருப்பாளா, எந்தப் பலகாரம் பிடிக்கும், இடி இடித்தால் பயப்படுவாளா, பாட்டுப் பாடுவாளா. இடிக்குப் பயம் இல்லை, பல்லிக்குத்தான் பயம் என்றார் மாமன். பாடுவாள், ஆள் வந்தால் நிறுத்திவிடுவாள் என்றார். பல்லிக்குப் பயந்த கதை எனக்கே தெரியாது. சாயங்கால பஸ் போகிற சத்தம் ரோட்டில் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை. என் அய்யன் பெண் பார்க்கப் போன வீட்டில் விசாரிக்கிற மாதிரி, கூச்சத்தோடு, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.